அப்பாரு யாருக்கு எழுதி வைப்பார்?

அவிநாசியில் பத்திரம் எழுதுவது என் தொழில். அப்பாவுக்குப் பிறகு அவர் மேஜை எனக்கு வந்தது. பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், உயில் என்று குடும்பங்கள் பிரிகிற காகிதங்களையே பெரும்பாலும் எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு ராத்திரி லேப்டாப்பில் 'ரீபார்ன் ரிச்' என்ற கொரியத் தொடரைப் போட்டாள். முதல் பகுதியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சோல் நகரத்துப் பெரிய மாளிகையில் நடப்பது, பகலெல்லாம் என் மேஜைக்கு எதிரே நடப்பதுதான்.

கொரியத் தொடர் நம் ஊருக்குப் புதிதில்லை. பத்து வருஷத்துக்கு முன்பே புதுயுகம் தொலைக்காட்சி 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடரைத் தமிழில் பேச வைத்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கும் பெண்கள்கூட அதன் நாயகன் பெயரைச் சொன்ன காலம் அது. ஆனால் அதெல்லாம் பணக்காரப் பையன், ஏழைப் பெண் காதல். 'ரீபார்ன் ரிச்' காதலை ஓரமாக வைத்துவிட்டுச் சொத்தை நடுவில் வைக்கிறது. 2022 நவம்பர், டிசம்பரில் ஜேடிபிசி என்ற சேனலில் 16 பகுதிகளாக வந்தது. கடைசிப் பகுதியைத் தென்கொரியாவில் 26 சதவீதத்துக்கும் மேலான வீடுகள் பார்த்தன.

கதை இதுதான். சுன்யாங் என்கிற பெரிய தொழில் குழுமம். அதன் முதலாளிக் குடும்பத்துக்குக் காலமெல்லாம் எடுபிடி வேலை செய்கிறான் யூன் ஹ்யோன் வூ. அவர்களுடைய கறுப்புப் பணத்தைத் தேடி எடுக்கப் போன இடத்தில் அவர்களாலேயே கொல்லப்படுகிறான். கண் விழித்தால் 1987. அதே குடும்பத்தின் கடைசிப் பேரனாக, சின்னப் பையனாக இருக்கிறான். வரப்போவதெல்லாம் அவனுக்குத் தெரியும். 1997-ல் கொரியப் பணம் சரியும் என்று தெரிந்து முன்கூட்டியே டாலரில் பணத்தை வைக்கிறான். டாலர் ரேட்டைப் பார்த்தே காலையில் டீ குடிக்கிற திருப்பூர்க்காரர்களுக்கு அந்தப் பகுதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தொடரின் உயிர் முழுக்கத் தாத்தா ஜின் யாங் சோல் பாத்திரத்தில் இருக்கிறது. லீ சுங் மின் நடித்திருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டாம் நாளே அவர் 'அப்பாரு' ஆகிவிட்டார். அரிசி ஆலையில் தொடங்கி, கப்பலும் காரும் மின்னணுச் சாதனமும் செய்கிற நிலைக்கு வந்தவர். மூன்று மகன், ஒரு மகள். மூத்தவனுக்கே பட்டம் என்று ஊரறியச் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் மனசு ஒவ்வொருவரையும் எடை போட்டுக்கொண்டே இருக்கிறது. பிறந்தநாள் விருந்துகூட அங்கே ஒரு தேர்வுதான். மகள் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, என் மாமியார் கேட்டார்: "ஏனம்மிணி, அந்த அப்பாரு இன்னும் உசுரோடதான இருக்கறாரு? அதுக்குள்ள எதுக்கு இப்பிடி அடிச்சுக்கறாங்க?"

உயிரோடு இருப்பதால்தான் அடித்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் செத்த பிறகு வருகிற சண்டை சொத்துக்கு. அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். உயிரோடு இருக்கும்போது நடக்கிற சண்டை, அப்பா யாரை நம்புகிறார் என்பதற்கு. அதற்கு எந்த ஷெட்யூலிலும் இடமில்லை.

இந்த அப்பாரு முழுக்கக் கற்பனை ஆளும் அல்ல. சாம்சங்கைத் தொடங்கிய லீ பியுங் சல் 1936-ல் மாசான் ஊரில் அரிசி ஆலை வைத்தார். 1938-ல் தேகுவில் கருவாடும் நூடுல்ஸும் விற்கிற கடை. 1954-ல் அதே தேகுவில் கம்பளித் துணி ஆலை. ஆமாம், சாம்சங்கும் துணி நெய்துதான் வந்தது. மூத்த மகனை ஒதுக்கிவிட்டு மூன்றாவது மகன் லீ குன் ஹீயிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, 1987 நவம்பரில் காலமானார். தொடர் ஏன் 1987-ல் போய் விழுகிறது என்று கொரியர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும். மூத்தவர் 2012-ல் தம்பி மீது பங்கு கேட்டு வழக்குப் போட்டு, தோற்றார். மகள் ஒருவருக்கு ஷின்செகே என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம் போனது. தொடரிலும் மகள் ஹ்வா யோங் கையில் அங்காடிதான் இருக்கிறது. கடைப் பணத்தையே எடுத்துப் பங்குச்சந்தையில் போட்டு, அதையும் இழக்கிறாள். அவளைப் பேராசைக்காரி என்று எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன்களுக்குச் சமமாக உட்கார அவளுக்கு வேறு வழி யாரும் வைக்கவில்லை.

கொரியச் சட்டத்தில் திருமணமான மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசிதான் இருந்தது. 1991 ஜனவரியிலிருந்துதான் பிள்ளைகள் எல்லோருக்கும் சமம். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் தமிழ்நாடும் மாறியது. அப்பா தானே சம்பாதித்து உயில் எழுதாமல் போன சொத்தில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. அந்த விலக்கு 2005-ல் மத்திய சட்டத்தால் போனது. சட்டம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

சட்டம் வந்துவிட்டது. என் மேஜைக்கு விடுதலைப் பத்திரம் வருவது நிற்கவில்லை. அக்கா தங்கைகள் காரில் வந்து இறங்குவார்கள், பட்டுச்சேலையோடு. 'என் பாகத்தைச் சகோதரர்களுக்கு விடுதலை செய்கிறேன்' என்று கையெழுத்து, கைரேகை, கேமராவில் ஒரு படம். ஒரு தடவை அப்படி வந்த ஒரு பெண், அப்பா காலத்தில் குடும்பக் கம்பெனியிலேயே செக்கிங்கும் பேக்கிங்கும் பார்த்தவர். பத்திரத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். மிஷின் பட்டியலுக்கு வந்து, சிங்கர் பதினாறு, ஓவர்லாக் பன்னிரண்டு, பேட்லாக் ஆறு என்று படித்தேன். "ஆறு இல்லீங், ஏழு," என்றார். "ஒன்னு மங்கலம் ரோட்டு யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்குக்குப் போயிருக்குது." அண்ணன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போன் போட்டுக் கேட்டால், ஏழுதான். திருத்தி எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பாகம் எதுவும் வாங்கவில்லை.

ஒரு விஷயத்தில் நம் பக்கம் கொரியாவைவிட நல்ல வழி கண்டிருக்கிறது. சுன்யாங்கில் ஒரே நாற்காலி. அதனால் மற்றவர்கள் எல்லோரும் தோற்றவர்கள். இங்கே காட்டை விட்டு மிஷினில் வந்து உட்கார்ந்தவர்கள் கூட்டுச் சேர்ந்து கம்பெனி வைத்தார்கள். மனக்கசப்பு வந்தால் பிரிந்தார்கள். ஒருவர் நிட்டிங், ஒருவர் காம்பாக்டிங், ஒருவர் கார்மெண்ட்ஸ். பிரிந்த மறு மாசமே அண்ணன் துணி தம்பி யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்குக்குப் போகும். முகம் பார்த்துப் பேசாத சகோதரர்கள்கூட டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரின் இந்தச் சகோதரக் கூட்டு முதலைப் பற்றி 2004-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஊர் வளர்ந்ததில் இந்தப் பிரிவினைகளுக்கும் பங்கு உண்டு என்று, அவற்றை எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன். சகோதரிகளை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தொடரில் மாமியார் அழுத இடம் ஒன்று. பணக்காரப் பேரனாக மாறியவன், முன்பிறவியில் தன்னைப் பெற்றவள் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்காருகிறான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியாது. வாடிக்கையாளருக்கு வைக்கிற மாதிரி சோறு வைக்கிறாள். மாளிகையில் விதவிதமாகச் சாப்பிடும் யாருக்கும் அந்தச் சோறு கிடைக்கவில்லை. மாளிகைக்குள்ளே நிலைமை அப்படி: அப்பாருவைக் கொல்ல ஏற்பாடு செய்ததில் அவர் சம்சாரமே இருக்கிறார்.

முடிவைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பார்க்க நினைப்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். அப்பாருவின் உயிலில் கடைசிப் பேரனுக்கு ஒரு பங்குகூட இல்லை. அதையும் தாண்டி அவன் ஜெயிக்கப் போகிற நேரத்தில் லாரி மோதிக் கொல்லப்படுகிறான். மறுபடி கண் விழித்தால், பழைய எடுபிடி யூன் ஹ்யோன் வூ. கொரிய ரசிகர்கள் பலருக்கு மகா கோபம். மூலக்கதையான இணைய நாவலில் பேரனே தலைவராகிறான். அதை மாற்றிவிட்டார்கள் என்று.

எனக்கு மாற்றியதுதான் சரி. நாவலின் முடிவில் நல்ல வாரிசு கெட்ட வாரிசை ஜெயிக்கிறான். நாற்காலி அப்படியே இருக்கிறது. தொடரில், எந்தக் காகிதத்திலும் பெயர் இல்லாத சம்பளக்காரன் நாடாளுமன்ற விசாரணையில் எழுந்து நின்று, கடைசிப் பேரனின் கொலையில் தனக்கும் பங்கு இருந்தது என்பது வரை சொல்கிறான். குடும்பம் நிர்வாகத்தை விட்டு விலகுகிறது.

மகள் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் மாமியார் கேட்டார்: "அப்ப கம்பெனிய இனி ஆரு பாப்பாங்க?"

"வேலை தெரிஞ்சவங்க பாப்பாங்க ஆத்தா," என்றாள்.