பாசிக்கு மூழ்கும் சகோதரிகளே, மூச்சைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்



பாம்பன், சின்னப்பாலம், மண்டபம், வேதாளை, பெரியபட்டினம் என்று நம் ராமநாதபுரம் கரையோர ஊர்களில் எத்தனையோ பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துத்தான் குடும்பம் நடத்துகிறோம். குழுக் கடனுக்குத் தவணை கட்டுவதும் பலருக்கு இந்தப் பாசிக் காசில்தான். மரிக்கொழுந்துப் பாசி எந்தக் கல்லில் இருக்கும், கட்டக்கோரை எப்போது வளரும் என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீருக்குள் போனதும் நம் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்த இதழில் அதைப் பேசுவோம்.

முதலில் மூச்சு. மூழ்குவதற்கு முன் புஸ் புஸ்ஸென்று பத்துப் பதினைந்து தடவை வேகமாக மூச்சு இழுத்து விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் கூட நேரம் உள்ளே இருக்கலாம் என்பது நினைப்பு. இருக்கலாம்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீருக்குள் நெஞ்சு முட்டி, "மேலே போ, மேலே போ" என்று உடம்பு நம்மை விரட்டுகிறதே, அது ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்பதால் வருகிற முட்டல் இல்லை. உள்ளே கெட்ட காற்று, அதாவது கார்பன் டை ஆக்சைடு, சேர்ந்துவிட்டது என்பதால் வருவது. வேகமாக மூச்சு விடும்போது அந்தக் கெட்ட காற்று முன்கூட்டியே வெளியே போய்விடுகிறது. ஆக்சிஜன் மட்டும் பெரிதாகக் கூடுவதில்லை. அதனால் மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது. நமக்கு முட்டலே தெரியாது. "இன்னும் ரெண்டு கொத்து பறிச்சுட்டுப் போவோம்" என்று கை நீளும். மேலே வரும்போது தண்ணீரின் அழுத்தம் குறையக் குறைய ஆக்சிஜன் இன்னும் சட்டென்று இறங்கும். மேல்மட்டத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது மயக்கம் வந்துவிடும். சத்தம் இருக்காது, கை காலை அடித்துத் தத்தளிப்பதும் இருக்காது. இடுப்பளவுத் தண்ணீரிலும் இது நடக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களுக்கும் நடக்கும்.

ஆகவே சாதாரணமாக இரண்டு மூச்சு, பிறகு ஒரு நிறைமூச்சு, அவ்வளவுதான். முட்டல் வந்ததும் மேலே வந்துவிட வேண்டும். வந்த பிறகு, உள்ளே இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே இருந்து ஆற வேண்டும். உடனே திரும்ப முங்கக் கூடாது.

இரண்டாவது, தனியாக மூழ்கக் கூடாது. கூட்டமாகத்தான் போகிறோம், தனியாக எங்கே என்று கேட்பீர்கள். இருபது பேர் போனாலும் இருபது பேரும் தலையைத் தண்ணீருக்குள் வைத்திருந்தால் அது தனியாகப் போனது மாதிரிதான். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருத்தி உள்ளே இருக்கும்போது மற்றவள் மேலே நின்று பார்க்க வேண்டும். அவள் வெளியே வந்த பிறகும் அரை நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஏனென்றால் வெளியே வந்து மூச்சு விட்ட பிறகும் மயக்கம் வரலாம். "கிலோ கணக்குக்குக் காசு, நான் நின்னு வேடிக்கை பார்த்தா யாரு தருவா?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் மூழ்கி வந்தவள் எப்படியும் ஆற வேண்டும். அந்த நேரத்தில்தான் மற்றவள் மூழ்கப் போகிறாள். நாம் நினைக்கும் அளவுக்கு நட்டம் வராது. ஜோடியாக எடுத்த பாசியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் பேச்சே எழாது.

தென்கொரியாவில் ஜெஜு என்ற தீவில் நம்மைப் போலவே ஹேனியோ என்ற பெண்கள் இருக்கிறார்கள். காற்றுச் சிலிண்டர் இல்லாமல் 10 மீட்டர் ஆழம் வரை முங்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கிறார்கள். பலர் பாட்டிமார்கள். 2016-ல் யுனெஸ்கோ அவர்கள் பண்பாட்டை உலகப் பட்டியலில் சேர்த்தது. அவர்களும் கூட்டமாகத்தான் இறங்குவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு மிதவை உண்டு. முன்பு அது காய்ந்த சுரைக்குடுக்கை! மிதவை எங்கே மிதக்கிறதோ அங்கே ஆள் இருக்கிறாள் என்று மற்றவர்களுக்குத் தெரியும், களைத்தால் பிடித்தும் கொள்ளலாம். நாம் இறுக மூடிய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனை, நல்ல நிறத் துணி சுற்றி, அப்படி வைத்துக்கொள்ளலாம். செலவே இல்லை. வள்ளக்காரர்களுக்கும் நாம் இருப்பது தூரத்திலேயே தெரியும்.

காது வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்காதீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாக ஊதினால் காது திறக்கும். வலி வருவதற்கு முன்பே ஊத வேண்டும். வலித்தால் மேலே வந்துவிடுங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் காது திறக்காது, அன்றைக்கு ஆழத்துக்குப் போனால் செவிப்பறை கிழியும். கண்ணாடி விஷயமும் உண்டு. கண்ணை மட்டும் மூடும் நீச்சல் கண்ணாடி, ஓர் ஆள் ஆழத்துக்கு மேல் போனால் கண்ணை உள்ளிருந்து உறிஞ்சும், கண் சிவந்து ரத்தம் கட்டும். மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி என்றால் மூக்கால் கொஞ்சம் காற்று விட்டுச் சரிசெய்துகொள்ளலாம். குழுவில் உள்கடன் கொடுத்தாவது அதை வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இடுப்பில் கட்டும் பைக் கயிறு கல்லில் மாட்டும். அதை இழுத்தவுடன் அவிழும் உருவு முடிச்சாகவே போடுங்கள். சேலை முந்தியைச் சுருட்டிச் செருகி, மேலே சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நாங்கள் சொல்லப் போவதில்லை. தென்மேற்குக் காற்றில் தென்கடல் கலங்கும், வாடையில் வடகடல் கலங்கும். அடி தெரியாத கலங்கல் நாளில் இறங்க வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்திச் சக்தியை விடாதீர்கள். கரைக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் போய், இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். இடி சத்தம் கேட்டால் உடனே கரை ஏறிவிடுங்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று பெண்களே பேசி முடிவெடுத்த ஊர்கள் நம் பக்கத்தில் உண்டு. பாசி வளர்வதற்காக எடுத்த முடிவு அது. உடம்புக்கும் ஓய்வு கிடைக்கிறது.

திருக்கை முள்ளோ, கல்லைப் போலவே கிடக்கும் மீனின் முள்ளோ குத்தினால், குத்திய இடத்தை வெந்நீரில் வைக்க வேண்டும். நல்ல கையை விட்டுப் பார்த்து, பொறுக்கும் சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. அந்த விஷம் சூட்டில் முறியும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடுங்கள். சொறி பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். மண் போட்டுத் தேய்க்கவோ, நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது, விஷம் இன்னும் இறங்கும். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 108.

மூழ்கியவரைத் தூக்கி வந்தால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். அதில் போகும் நேரம்தான் உயிர். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு தடவை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் வேகமாக 30 அமுக்கு, 2 ஊது என்று உதவி வரும்வரை விடாமல் செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, குழுவுக்கு இரண்டு பேராவது இதைச் செய்து பழகிக்கொள்ள வேண்டும். கடலில் ஆள் காணவில்லை என்றால் கடலோரக் காவல்படை எண் 1554.

கடைசியாக, பிரதமரின் விபத்துக் காப்பீடு. 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். 2022 ஜூன் முதல் வருடச் சந்தா 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். நீரில் மூழ்கி இறப்பதும் இதில் வரும், ஆனால் போலீசில் புகார் பதிவாகியிருக்க வேண்டும். "எதுக்கு வம்பு" என்று சொல்லாமல் விட்டால் பணம் வராது. ஒவ்வொரு வருடமும் ஜூன் 1-க்குள் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கை எடுத்து வாருங்கள், பணம் பிடித்திருக்கிறதா என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.