டிரசீனாவுக்குத் தண்ணீரை அளப்பது வெளிச்சம்தான்

வீட்டுக்குள் சிறு மரம்போல நிமிர்ந்து நிற்கும் டிரசீனா, தண்ணீர் கிடைக்காமல் சாவது அபூர்வம். பெரும்பாலும் தண்ணீர் மிகுந்துதான் சாகிறது. மெல்லிய தண்டின் உச்சியில் சிவப்பு விளிம்பிட்ட ஈட்டி இலைகளைக் கொத்தாக ஏந்தும் மார்ஜினேட்டா என்ற டிரசீனா வகை, மடகாஸ்கரில் பரவலாக வளர்வது. சோளத்தோகை போன்ற இலையுடைய ஃப்ராக்ரன்ஸ் என்ற இன்னொரு வகை, வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் 15 மீட்டர் வரைகூட உயரும். இரண்டுமே தண்டில் ஈரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சில நாள் மண் காய்ந்தால் வாடிவிடாது. ஆனால் மண்துகள்களுக்கு நடுவே காற்று இருக்கவேண்டிய இடமெல்லாம் நீர் நிரம்பிக் கிடந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை தொங்கிப்போகும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். அன்பால் செய்கிற இந்தத் தவறுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகச் செடிகளைக் கொல்கிறது.

அப்படியானால் எவ்வளவு ஊற்றுவது? வாரம் இரண்டு முறை, பத்து நாளுக்கு ஒரு முறை என்ற கணக்கெல்லாம் பயன்படாது. செடி எவ்வளவு நீரைச் செலவழிக்கிறது என்பதை அதன்மேல் விழும் வெளிச்சமே முடிவுசெய்கிறது. வெளிச்சம் இருந்தால் இலை உணவு தயாரிக்கும், நீரை ஆவியாக விடும், வேர் புதிதாக உறிஞ்சும். வெளிச்சம் குறைந்த மூலையில் இவையெல்லாம் மந்தமாகி, ஊற்றிய நீர் தொட்டியிலேயே தேங்கும். 'இது இருட்டிலும் வளரும் செடி என்றுதானே நர்சரியில் சொல்கிறார்கள், எங்கள் வீட்டு மூலையில் ஆறு மாதமாக நன்றாகத்தானே நிற்கிறது' என்று கேட்கலாம். நிற்கிறது, வளரவில்லை. தண்டில் சேர்த்து வைத்ததைத் தின்று நாளைக் கடத்துகிறது. ஜன்னலை விட்டுச் சில அடி தள்ளினாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். நம் கண் அதற்குப் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. உச்சிவெயில் நேராக விழாத, ஆனால் பகல் முழுதும் வெளிச்சமான ஜன்னலோரமே இதற்குரிய இடம். அங்கும் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும்.

'இலை நுனி கருகுகிறதே, அது வறட்சியின் அடையாளம் இல்லையா?' என்பது நியாயமான கேள்வி. சில நேரம் வறட்சியாலும் கருகும். ஆனால் டிரசீனா, ஃப்ளோரைடைத் தாங்காத செடிகளில் ஒன்று. நீரோடு ஏறும் ஃப்ளோரைடு இலை நுனியில் சேர்ந்து அந்த இடத்தைச் சாகடிக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அத்தகைய ஊர்களில் போர் தண்ணீரை ஊற்றினால் நுனி கருகுவதில் வியப்பில்லை. நீரைக் காய்ச்சினாலும், ஓர் இரவு திறந்து வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. இதைவிட வருத்தம் தரும் பழக்கம் ஒன்று உண்டு: வீணாகக் கூடாதென்ற நல்லெண்ணத்தில், ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரைச் செடிக்கு ஊற்றுவது. உப்பும் ஃப்ளோரைடும் செறிந்திருப்பது அந்தக் கழிவுநீரில்தான். அது தரை கழுவ உதவட்டும். டிரசீனாவுக்கு மழைநீரே சிறந்தது.

காற்றைச் சுத்தமாக்கும் என்று நம்பி இருண்ட படுக்கையறையில் இதை வைப்பவர்களும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு வேர் 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு. அது நடந்தது மூடிய சிறு பெட்டிகளில். வீட்டின் காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடாக, ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று 2019-இல் வெளியான ஒரு மறுஆய்வு கணக்கிட்டது. ஆகவே அந்தக் காரணத்துக்காக அதை இருட்டில் அடைக்க வேண்டியதில்லை. அப்படி அடைத்து, நீர் தேங்கி வேர் அழுகிவிட்டாலும் செடியை உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். தண்டில் கெட்டியாக, பசுமை மாறாத பகுதியை வெட்டி மணல் கலந்த மண்ணில் நட்டு, வெளிச்சத்தில் வையுங்கள். அது மீண்டும் வேர்விடும்.