ஏரியின் எல்லை எது?



ஓர் ஏரி எங்கே முடிகிறது என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தைக் காட்டுவார்கள். பெரியவர்களாகிய நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஏரி நிரம்பிக் கோடி வழியும் நாளில் தண்ணீர் எதுவரை பரவுமோ அதுவரையும் ஏரியே. பாலக்கோடு போன்ற மழை குறைந்த வட்டாரத்தில் அந்த நாள் அரிதாகவே வருகிறது. இடைப்பட்ட காலத்தில் உள்வாய் நிலம் வெறும் தரிசாகத் தோன்றும். முதலில் ஒரு வேலி, பிறகு ஒரு கொட்டகை, அதன்பின் மின் இணைப்பு! மதரஸாவுக்கு நான் நடந்து செல்லும் வழியில் ஒரு குட்டையின் ஓரம் கட்டட இடிபாடுகளாலேயே மேடாகிவிட்டது. கொட்டியவர்களுள் தொழுகையில் என் அருகில் நிற்போரும் உண்டு.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. தமிழக அரசு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டத்தை இயற்றியது. ஏரியை அளந்து, எல்லையை வரையறுத்து, வரைபடமும் பதிவேடும் ஆயத்தம் செய்து, ஆக்கிரமித்தோருக்கு அறிவிப்புத் தந்து அகற்ற அது வழி செய்கிறது. ஆயினும் அச்சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளுக்கே உரியது. அப்பொறுப்பு இன்று நீர்வளத் துறையிடம் உள்ளது. நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய சிற்றேரிகளோ ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. அவற்றுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே துணை.

தண்ணீருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியுமா? மேல் ஏரியின் கோடி நீர்தான் கீழ் ஏரியின் வரத்து. மேலே ஒன்றியம், கீழே நீர்வளத் துறை, நிலக் கணக்கு வருவாய்த் துறையிடம், சாக்கடை பேரூராட்சியிடம். பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே அணை இருந்து என்ன பயன், இடையிலுள்ள கால்வாய் தூர்ந்து போனால்? ஆற்றுப் படுகை முழுவதையும் ஒரே திட்டத்தில் அடக்கி, அத்தனை துறைகளும் ஒரே வரைபடத்தை முன்வைத்து அமர வேண்டும் என நிபுணர்கள் கூறுவது இதனால்தான். 2017இல் குடிமராமத்து மீண்டும் உயிர்பெற்றபோது கரைகள் பலப்பட்டன, வண்டல் அள்ளப்பட்டது. எல்லைக்கல் நடுவதே முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நமக்கு இது புதிய கருத்தன்று. கிணற்றையும் ஆற்றையும் சுற்றி எவரும் தனதாக்கிக்கொள்ளக் கூடாத ஓரத்தை ஃபிக்ஹ் நூல்கள் ‘ஹரீம்’ எனக் குறிப்பிடுகின்றன. கிணற்றுக்கு இத்தனை முழம் என்று அளவே வகுத்துள்ளனர்.

எனினும், ஏரியோரத்தில் குடியிருப்போர் எல்லோரும் அபகரித்தவர்கள் அல்லர். எவரோ மனையென்று விற்க, நகையை அடகு வைத்து வாங்கிய ஏழைகளும் அவர்களுள் உண்டு. வீட்டை இடிக்கும் நாளில் விற்றவரைக் காண முடியாது. மாற்று இடம் காட்டாமல் இடிப்பதை என் மனம் ஏற்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டார் மனை வாங்க முன்பணம் கொடுக்குமுன், கிராம நிர்வாக அலுவலரிடம் அதன் புல எண்ணைச் சொல்லி ‘அ’ பதிவேட்டைப் பார்த்து வரச் சொல்லுங்கள். ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால் என எந்தப் புறம்போக்காகப் பதிவாகியிருந்தாலும் பணத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.