நிலத்தின் பெயரும் நிலத்தின் அளவும்

பொரளைச் சந்தியிலிருந்து கோட்டே வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் ஒருவர், அரை மணி நேர நடைக்குள் நகரத்தின் நெரிசல் குறைந்து, இராஜகிரியவை அண்டிய சதுப்பு நிலங்களைக் காண்பார். நாணலும் புல்லும் அடர்ந்த தாழ்நிலம் ஒருபுறம். கைவிடப்பட்ட வயல் ஒருபுறம். இடையே ஒரு கால்வாய். "இவ்விடத்தில் சதுப்பு நிலம் எத்தனை துண்டுகளாக உள்ளது?" என்று அவரை நாம் வினவுவோமாயின், எண்ணிச் சொல்லிவிடலாம் என்றே அவர் கருதுவார். ஆனால் எதனைச் சதுப்பு என்று அழைப்பது எனத் தீர்மானித்த பின்னரே எண்ணத் தொடங்கலாம். அத்தீர்மானம் மாறினால் விடையும் மாறும்.

இதனை ஒரு தாளிலே செய்து பார்க்கலாம். வரிசையாகப் பத்துக் கட்டங்களை வரைக. முதல் மூன்று சதுப்பு, நான்காவது வயல், ஐந்தும் ஆறும் சதுப்பு, ஏழாவது கால்வாய், எஞ்சிய மூன்றும் சதுப்பு. வயலையும் கால்வாயையும் வேறு வகைகளாகக் கொண்டால், சதுப்பு மூன்று துண்டுகள். மிகப் பெரிய துண்டு 3 கட்டம். வயலை மட்டும் வேளாண்மை நிலமெனப் பிரித்துக் கால்வாயைச் சதுப்போடு சேர்த்தால், இரண்டு துண்டுகள். பெரியது 6 கட்டம். மூன்றையும் ஈரநிலம் என ஒரே பெயரால் அழைத்தாலோ, ஒரே துண்டு. அதன் பரப்பு 10 கட்டம். நிலத்தில் ஒரு பிடி மண்ணும் அசையவில்லை. எனினும், சிதறுண்ட நிலம் என்றும் முழுமையான நிலம் என்றும் இருவேறு முடிவுகள் பிறந்துவிட்டன.

இம்மூன்றில் எது சரி? 1971 ஆம் ஆண்டு ஈரானிலுள்ள இராம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையின் வகைப்பாட்டில் நெல்வயலும் கால்வாயும் மனிதர் ஆக்கிய ஈரநிலங்களாக இடம்பெறுகின்றன. நெல் விளைச்சலைக் கணக்கிடுவோருக்கோ வயல் வேளாண்மை நிலமே. இரண்டும் தத்தம் நோக்கத்துக்குப் பொருந்துவன. ஒரு நோக்கத்துக்காக வகுத்த படத்தை மற்றொரு நோக்கத்துக்கு அப்படியே எடுத்தாள்வதுதான் பிழை.

பெயரைப் போலவே, அளவுகோலும் கணக்கை மாற்றும். பல ஆண்டுகளாக நிலப்படங்களுக்கு ஆதாரமாயிருந்துவரும் லான்ட்சாற் செய்மதிப் படங்களில், ஒரு சிறு சதுரம் தரையிலே 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்டது. அச்சதுரத்துக்குள் 10 மீற்றர் அகலமான கால்வாய் ஓடினால், சதுரத்தின் பெரும்பங்கு அயல் நிலமாதலால், சதுரம் முழுவதும் அயல் நிலத்தின் பெயரையே பெற்றுவிடக்கூடும். கால்வாய் படத்திலிருந்து மறையும். இருகரைச் சதுப்புகளும் ஒன்றாகும். 2015 இல் ஏவப்பட்ட சென்ரினல்-2 செய்மதியின் படங்களிலோ சதுரம் 10 மீற்றர். அங்கே கால்வாய் தோன்றும்; சதுப்பு இரண்டாகப் பிரியும்; எல்லைக் கோட்டின் நீளமும் கூடும். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, "சதுப்பு துண்டாடப்பட்டுவிட்டது" என்று கூறுவோர், நிலத்தின் மாற்றத்தை அன்றிக் கருவியின் மாற்றத்தையே அளந்தவராவர்.

நாடு முழுவதற்கும் இவ்வுண்மை பொருந்தும். 1956 ஆம் ஆண்டின் விமானப் படங்களைக் கொண்டு எடுத்த கணக்கின்படி, இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பங்கு காடாக இருந்தது. 1992 ஆம் ஆண்டுக் கணக்கில் அடர்ந்த காடு மட்டும் ஏறத்தாழ 24 பங்கு. ஐதான காட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 31 பங்கு. காடு குறைந்தது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு குறைந்தது என்பதோ, ஐதான காட்டைச் சேர்ப்பதையும் விடுப்பதையும் பொறுத்தது. உலக உணவு, விவசாய நிறுவனத்தின் வரைவிலக்கணமோ இறப்பர்த் தோட்டத்தைக் காட்டில் அடக்கி, தென்னந்தோட்டத்தை விலக்குகிறது. பலா, மா, கமுகு என அடர்ந்து நிற்கும் வீட்டு வளவுகளோ, வானிலிருந்து நோக்குங்கால் காட்டைப் போலவே தோன்றும்.

இது வெறும் ஏட்டுச் சிக்கலா? கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் மழைநீரைத் தாங்கி நிறுத்தி, கால்வாய்கள் வழியே மெல்ல வெளிவிடுகின்றன. 2010 நவம்பரில் பெருமழை பெய்தபோது, கோட்டேயிலுள்ள பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. 2018 இல் கொழும்பு, உலகின் முதல் 18 இராம்சார் ஈரநில நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இத்தகைய நிலத்திலே, சிங்களத்தில் வெல் ஆத்தா என வழங்கும் பிறநாட்டு மரம் பரவிவருகிறது. மரம் மூடிய அச்சதுப்பை ஒருவர் "மரச்செறிவு" என்றும், மற்றொருவர் "பற்றைக்காடு" என்றும் குறித்தால், ஏட்டிலே சதுப்பு சுருங்கிவிடும். மழைநீருக்கோ அப்பெயர் தெரியாது. தாழ்ந்த இடத்தை நாடி அது வந்தே தீரும். பற்றைக்காடு எனக் குறித்த நிலத்தை நிரப்பிக் கட்ட முனைவோருக்குப் படம் தடை சொல்லாது, நீர்தான் சொல்லும்.

ஆகவே, நிலப்படத்திலிருந்து பெற்ற எண் எதனையும் ஏற்குமுன் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. எவ்வகைப் பெயர்களால் நிலம் பிரிக்கப்பட்டது? படத்தில் இடம்பெற்ற மிகச் சிறிய துண்டின் பரப்பு யாது? ஒப்பிட்ட இரு ஆண்டுகளுக்கும் ஒரே முறை கையாளப்பட்டதா? வேறொரு முறையில் வகுத்தாலும் அதே முடிவு நிற்குமா? இறுதி வினாவுக்கு "நிற்கும்" என்ற விடை கிடைக்குமாயின், அவ்வெண்ணை நம்பலாம். கிடைக்காதாயின், எண்ணோடு அதனைப் பெற்ற முறையையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.