புதிய கணக்கில் மட்டும் கேட்காத ஒலி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அமைந்த தேவிகுளம் வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளிகளிலும், அம்மாநிலத்தின் பிற அரசுப் பள்ளிகளைப் போலவே, லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளமே பாடக் கணினிகளை இயக்குகிறது. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டமாகத் தொடங்கி 2017-இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்ற அமைப்பு, உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட தனது பள்ளிப் பதிப்பை 2019-இல் வெளியிட்டது. ஒரு கணினியைப் பலர் பகிரும் வகுப்பறையிலும், ஒரே மடிக்கணினியை அண்ணனும் தங்கையும் மாறி மாறித் திறக்கும் தோட்ட லயத்திலும், ஆளுக்கொரு பயனர் கணக்கு இருப்பதே முறை. ஆனால் அவ்வாறு புதிதாகத் தொடங்கிய கணக்கில் படம் ஓடியும் குரல் எழாமல் போவதுண்டு. தாய்மொழியில் பதிவான பாடங்கள் அரிதாகவே கிடைக்கும் ஊரில் ஒரு பாடம் ஊமையாகிப்போவது சிறிய இழப்பன்று.

பழைய கணக்கில் நுழைந்து பார்க்கும்போது அங்கு ஒலி சரியாகக் கேட்குமானால், ஸ்பீக்கரும் சவுண்ட் கார்டும் நலமாக உள்ளன என்பது அப்போதே உறுதியாகிவிடுகிறது. ஆகவே கணினியைக் கழற்றவோ இயங்குதளத்தை மீண்டும் நிறுவவோ தேவையில்லை. லினக்ஸில் ஒலி இரண்டு அடுக்குகளைக் கடந்து வெளிவருகிறது. கீழடுக்கான ஆல்சா, இயங்குதளத்தின் கருவிலேயே இருந்துகொண்டு சவுண்ட் கார்டுடன் நேரடியாகப் பேசுகிறது. அதன் மேல் அமர்ந்து பல செயலிகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் பல்ஸ் ஆடியோ, கணினிக்குப் பொதுவாக ஒன்றாக இயங்காமல் பயனருக்கு ஒன்றாகத் தனித்தனியே இயங்குகிறது. உபுண்டு 22.10 முதல் அதன் இடத்தைப் பிடித்துள்ள பைப்வயருக்கும் இதுவே வழக்கம். கோளாறு ஒருவருக்கு மட்டும் வருவதன் காரணம் பெரும்பாலும் இம்மேலடுக்கிலேயே கிடைக்கும்.

அமைப்புகள் பகுதியில் ஒலி என்பதைத் திறந்தால் வெளியீட்டுக் கருவிகளின் பட்டியல் தோன்றும். அதில் உண்மையான சவுண்ட் கார்டின் பெயர் இருந்தால் வேலை எளிது: ப்ரொஜெக்டர் இணைந்த வகுப்பறையில் புதிய கணக்கு எச்.டி.எம்.ஐ. வழியைத் தேர்ந்துகொண்டு, ஸ்பீக்கரே இல்லாத ப்ரொஜெக்டருக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும்; பட்டியலில் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். பட்டியலில் டம்மி அவுட்புட் என்ற சொல் மட்டும் நின்றால், அந்தப் பயனரின் பல்ஸ் ஆடியோவுக்கு எந்தக் கருவியும் கைக்கு எட்டவில்லை என்பது பொருள்.

இந்நிலையில் பலரும் கூறும் மருந்து, புதிய பயனரை ஆடியோ என்னும் குழுவில் சேர்ப்பதாகும். ஒலிக் கருவிக் கோப்புகள் ரூட் என்னும் தலைமைப் பயனருக்கும் ஆடியோ குழுவுக்கும் உரியவை என்பதால் இந்த அறிவுரை பொருத்தமாகத் தோன்றினாலும், மேசைக் கணினிகளைப் பொறுத்தவரை இது காலங்கடந்த மருந்து. இன்றைய லினக்ஸில் சிஸ்டம்டியின் லாகின்ட் என்னும் பகுதி, திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் எவரோ அவருக்கு மட்டும் ஒலிக் கருவியின் அனுமதியை வழங்கி, அவர் விலகியதும் திரும்பப் பெறுகிறது. கோப்பு அனுமதி வரிசையின் கடைசியில் நிற்கும் + குறி இத்தகைய கூடுதல் அனுமதியின் அடையாளம். ஆடியோ குழுவில் உள்ளவரிடமிருந்தோ அனுமதியைத் திரும்பப் பெற இயலாது. அண்ணன் அக்குழுவில் இருந்து, பாட்டை நிறுத்தாமல் பயனரை மட்டும் மாற்றிவிட்டுச் சென்றால், அவனுடைய பல்ஸ் ஆடியோ கருவியைப் பிடித்துவைத்திருக்க, தங்கையின் கணக்கில் டம்மி அவுட்புட் மட்டுமே எஞ்சும். அதனினும் கவலைக்குரியது, தங்கை அமர்ந்திருக்கும் வேளையிலும் அண்ணனின் கணக்கில் இயங்கும் செயலி மைக்கைத் திறந்து கேட்க முடியும் என்பதாகும். பிள்ளைகள் பகிரும் கணினியில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆகவே முதலாமவர் தம் கணக்கிலிருந்து முழுமையாக வெளியேறுவதும், அவரை ஆடியோ குழுவிலிருந்து நீக்குவதுமே பொருத்தமான தீர்வு. எக்காரணத்தாலேனும் யூசர்மாட் கட்டளையால் ஒருவரைக் குழுவில் சேர்க்க நேர்ந்தால், பெரிய ஜி எழுத்துடன் சிறிய ஏ எழுத்தையும் இடுவது கட்டாயம். அது விடுபட்டால் அவர் நிர்வாகிக் குழு உட்பட மற்ற துணைக் குழுக்கள் அனைத்திலிருந்தும் நீங்கிவிடுவார்.

மற்றொரு காரணம், பழைய கணக்கின் கோப்புகளை ரூட் உரிமையுடன் புதிய கணக்கிற்கு நகலெடுப்பதால் நேர்வது. மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவில் பல்ஸ் என்ற உள்ளடைவு ரூட்டின் உடைமையாக நின்றுவிட்டால், உரிய பயனரின் பல்ஸ் ஆடியோ அதில் எழுத முடியாமல் தொடங்கும்போதே நின்றுவிடுகிறது. அந்த உள்ளடைவை நிர்வாகி நீக்கி, கான்ஃபிக் அடைவின் உடைமையையும் அந்தப் பயனரின் பெயருக்கே மாற்றியபின், அவர் வெளியேறி மீண்டும் நுழைந்தால், பல்ஸ் ஆடியோ அதைத் தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.