அமர்வதும் எழுவதும் ஆராதனையே

ஆலயத்தில் தரிசனம் முடிந்தவுடன் வீடு திரும்பலாகாது. பிராகாரத்தில் சிறிது நேரம் அமர்ந்து, இறைவனின் திருநாமத்தை நினைந்து, அதன் பின்னரே எழ வேண்டும் என்பது பெரியோர் வகுத்த முறை. முதியோர் பலர் இன்று இம்முறையைக் கைவிட்டு வருகின்றனர். பக்தி குறைந்ததால் அன்று. ‘உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதே’ என்னும் அச்சத்தால். கல்தரையைத் தவிர்த்துத் திண்ணையைத் தேடுகிறார்கள். கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கியவர்கள், நின்றபடியே கைகூப்பி நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், இடம் கொடுக்கக் கொடுக்க அது வளர்கிறது. 30 வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்றும், 60 வயதுக்குப் பின் அக்குறைவு விரைவடைகிறது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பயன்படுத்தாத மூட்டு இறுகும்; பயன்படுத்தாத தசை மெலியும். தரையில் அமர்வதை வேண்டாம் என்று நிறுத்தியவர், சில காலத்தில் தரையில் அமரவே இயலாதவராகிறார். பின்பு என்றேனும் குளியலறையில் வழுக்கி விழுந்தால், எலும்பு முறியாவிடினும், எவரேனும் வந்து தூக்கும் வரை அங்கேயே கிடக்க நேரும். முதியோர் தனித்து வாழும் வீடுகள் பெருகிவிட்ட இக்காலத்தில் இது சிறிய செய்தியன்று.

தரை வைக்கும் தேர்வு

பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அரௌஜோவும் அவருடைய குழுவினரும் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்தார்கள். அமர்வதற்கு 5 மதிப்பெண், எழுவதற்கு 5. கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று குறையும்; தடுமாறினால் அரை குறையும். பின்வந்த ஆண்டுகளில், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. அமர்ந்து எழுவதால் மட்டுமே ஆயுள் கூடும் என்பது இதன் பொருளன்று. வலிமை, நெகிழ்வு, சமநிலை ஆகிய மூன்றும் ஒருவரிடம் எந்த அளவில் எஞ்சியுள்ளன என்பதை அந்த ஒரு செயலே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அந்தத் தேர்வைத்தான் ஆலயம் ஒவ்வொரு நாளும் அன்போடு வைக்கிறது. பூஜையறை மணையில் அமர்ந்து எழுவதும், வாசலில் குனிந்து கோலமிடுவதும், பஞ்சாங்க நமஸ்காரத்தில் தலை, இரு கைகள், இரு முழந்தாள்கள் தரையில் படப் பணிவதும் அதே தேர்வின் பாடங்களே.

வலம் வருவதன் பயன்

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். வாரத்தில் 3 நாள்களேனும் வலிமையும் சமநிலையும் தரும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள்கள், நாளுக்கு அரைமணி நேரம் பிராகாரத்தைச் சற்றே விரைந்து சுற்றினால் முதற்பகுதி நிறைவேறிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உடையது. மதிலையொட்டி மும்முறை வலம் வந்தால் இரண்டு கிலோமீட்டர் நடந்ததாகும்.

இரண்டாம் பகுதிக்கு அடிப் பிரதட்சிணம் இருக்கிறது. ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்களைத் தொடுமாறு அடிமேல் அடி வைத்து வலம் வருவது அது. தள்ளாட்டத்தைத் தவிர்க்க இன்று பிசியோதெரபி நிபுணர்கள் முதியோருக்குக் கற்பிக்கும் பயிற்சிகளுள் ஒன்றும் இதே நடைதான். முழுச் சுற்று வேண்டுமென்பதில்லை. சுவரையோ தூண் வரிசையையோ கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு, இருபது அடிகள் வைத்தாலும் போதும்.

சுவாமிமலையின் 60 படிகள் தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர்களைத் தாங்கியவை. பக்கத்துக் கம்பியைப் பற்றிக்கொண்டு, தாம் பிறந்த ஆண்டின் படியில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கி ஏறுவதில் குறையொன்றுமில்லை. இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சுமை மிகுதி. அப்போது இன்னும் நிதானம் வேண்டும்.

மீண்டும் தரைக்கு வருவது எப்படி?

பல ஆண்டுகளாகத் தரையில் அமராதவர்கள் ஒரே நாளில் அமர முயலக் கூடாது. உறுதியான நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது முதற்படி. அது எளிதானதும் உயரம் குறைந்த முக்காலிக்கு மாறலாம். விநாயகர் முன் போடும் தோப்புக்கரணத்தையும் இவ்வாறே தொடங்கலாம். காதைப் பற்றிக்கொள்ள ஒரு கை போதும். மறு கை தூணையோ கம்பியையோ பிடித்திருக்க, முழங்கால் அனுமதிக்கும் அளவு மட்டும் தாழ்ந்து எழலாம். மூன்று முறை செய்தாலும் பிள்ளையார் ஏற்பார்.

அதன் பின்னரே தரை. கட்டிலின் அருகே ஜமக்காளம் விரித்து, வீட்டார் ஒருவர் உடனிருக்க அமர வேண்டும். எழும்போது முதலில் ஒருபக்கமாகச் சாய்ந்து, இரு கைகளையும் முழங்கால்களையும் ஊன்ற வேண்டும். பிறகு ஒரு பாதத்தை முன்னே வைத்து, கட்டில் விளிம்பைப் பற்றி எழ வேண்டும். எழுந்தவுடன் நடந்துவிடாமல், சில நொடிகள் நின்று தலைசுற்றல் இல்லை என்பதை உறுதி செய்துகொள்வது நலம். இந்த முறையைப் பழகியவருக்கு, விழ நேர்ந்தாலும் எழும் வழி தெரிந்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை

செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டவர்கள், இடுப்பெலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், இதய நோயாளிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தரையில் அமர்வதையும் தோப்புக்கரணத்தையும் தொடங்க வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெயில் ஏறிய கல்தரையில் வெறுங்காலுடன் நடப்பது ஆபத்து. சுடுவது தெரியாமலே கொப்புளம் எழும். அவர்கள் காலைச் சந்தியிலோ சாயரட்சையிலோ செல்வதும், வீடு திரும்பியதும் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொள்வதும் அவசியம். வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும். வலியைப் பொறுத்துச் செய்வது தவமாகாது.

முதுமையில் உடலால் செய்யும் தொண்டுக்குத் திருநாவுக்கரசரே சான்று. 81 ஆண்டுகள் வாழ்ந்தவர் எனப் போற்றப்படும் அவர், உழவாரத்தைக் கையிலேந்தி ஆலய முற்றங்களில் புல் செதுக்கினார். திருப்புகலூரில் பொன்னும் மணியும் உழவாரத்தில் அகப்பட்டபோது, அவற்றைக் குளத்தில் எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. கயிலை நோக்கிச் சென்ற அவர் கால் தேய்ந்தபின் கையாலும், பின் மார்பாலும் ஊர்ந்தார். எல்லாம் ஓய்ந்த நிலையில், கயிலைக் காட்சியைத் திருவையாற்றிலேயே காட்டி அருளினான் இறைவன். உடல் இசையும் வரை அதனால் வழிபடுவது அடியவர் செயல். இசையாதபோது, நாற்காலியில் அமர்ந்து மனத்தால் வலம் வருபவரின் வழிபாடும் அவன் திருவடியைச் சேரும்.

இன்று மாலை கோயிலுக்குச் செல்பவர்கள், தரிசனம் முடிந்ததும் உடன் வந்தவரின் கையைப் பற்றிக்கொண்டு ஒரு தூணருகே அமர்ந்து பார்க்கலாம். பெரியோர் சொன்ன அந்தச் சிறிது நேரத்தை இறைவனோடு கழித்துவிட்டு, அவசரமின்றி எழுந்திருக்கலாம்.