இமைப் புற்றுநோய்: அறுவைச் சிகிச்சையும் இமைச் சீரமைப்பும்

இமை கண்ணுக்கு வெறும் மூடியன்று. இமைக்குந்தோறும் கண்ணீரைக் கருவிழியின்மீது பரப்பி, அதனை உலராமற் காப்பதும் அதன் பணியாகும். ஆதலின் இமையில் தோன்றும் புற்றுநோயை அகற்றும் மருத்துவர், இழந்த இமைக்கு ஈடாக மற்றொன்றை அமைத்துத் தரவும் வேண்டும்.

மேனாடுகளில் இமைப் புற்றுநோய்களுட் பெரும்பாலானவை தோலின் அடிச்செல்களில் தோன்றுவன. நம் நாட்டிலோ இமையின் நெய்ச் சுரப்பிகளில் தோன்றும் வகை மிகுதி. ஐதராபாத் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் 536 நோயாளிகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடம் இவ்வகையே காணப்பட்டது. இச்சுரப்பிகள் மேலிமையில் மிகுதியாதலால் நோயும் அங்கேயே பெரிதும் தோன்றுகிறது. தொடக்கத்தில் வலியற்ற சிறு கட்டியாக இருப்பதால், சாதாரண இமைக்கட்டி என்றே பலரும் கருதிக் காலங் கடத்துகின்றனர்.

கட்டியின் சிறு பகுதியை எடுத்து நுண்ணோக்கியிற் சோதித்தே நோயை உறுதி செய்தல் வேண்டும். பின்னர், சுற்றிலும் நலமுள்ள திசுவிற் சிறிதளவையும் சேர்த்துக் கட்டி அகற்றப்படுகிறது. வெட்டிய ஓரங்களில் நோய் எஞ்சவில்லை என்று தெளிந்த பின்னரே சீரமைப்புத் தொடங்கும்.

இமைக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியடுக்கு தோலும் தசையும். உள்ளடுக்கு இமைத்தகடும் மெல்லிய உட்படலமும். புதிய இமையில் இவ்விரண்டுள் ஒன்றேனும் தன் இரத்த ஓட்டத்தோடு இருத்தல் வேண்டும்; இன்றேல் ஒட்டிய திசு பிழைக்காது.

இழப்பு இமையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பின், பெரும்பாலும் இரு ஓரங்களையும் இணைத்துத் தைத்துவிடலாம். அதற்கு மேற்படின், கண்ணின் வெளிக்கடையிலுள்ள தோலை நகர்த்தி இடத்தை நிரப்புவர். கீழிமையிற் பெரும்பகுதி இழந்தோருக்கு 1937-இல் ஹியூஸ் விளக்கிய முறை உதவுகிறது: மேலிமையின் உள்ளடுக்கிலிருந்து ஒரு பகுதியை இரத்த ஓட்டத்தோடு கீழே இறக்கித் தைத்து, அதன்மேல் தோலை ஒட்டுவர். மேலிமைப் பேரிழப்புக்கு, கீழிமைத் திசுவை மேலேற்றும் கட்லர், பியர்டு முறை 1955-இல் வெளியாயிற்று. இரண்டிலும் கண் சில வாரங்கள் மூடியிருக்கும்; திசு நன்கு பற்றிய பின் மறு அறுவையால் இமைகள் பிரிக்கப்படும். நோய் கண்குழிக்குள் பரவிவிட்டாலோ, கண்ணையே அகற்ற நேரிடலாம்.

தில்லி கரோல் பாக் வட்டாரத்தில் பணிபுரிவோர்க்கு வழிகாட்டும் இடங்கள் தொலைவில் இல்லை. அருகிலுள்ள ராஜேந்திர நகரில் சர் கங்காராம் மருத்துவமனை இருக்கிறது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1967 முதல் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ நிலையம் இயங்கி வருகிறது.

களப்பணியாளரும் ஆசிரியரும் நினைவிற் கொள்ள வேண்டிய அறிகுறிகள் சிலவே: நடுவயது கடந்தவர்க்கு ஒரே இடத்தில் மீண்டும் வரும் கட்டி, அவ்விடத்து இமைமயிர் உதிர்தல், ஆறாத புண், ஒரு கண்ணில் மட்டும் நீங்காத சிவப்பு, காதின் முன்புறம் வீக்கம். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் களிம்பு தடவிக் காத்திராமல், கண் மருத்துவரிடம் அனுப்புவதே கடமை. சில தையல்களோடு முடியும் சிகிச்சைக்கும் கண்ணை இழக்கும் நிலைக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் காலதாமதமே.